இறந்தோரை முன்னிலைப்படுத்தல்: சிறார் புனைகதையில் இழப்பும் கற்பனையும்

1. முன்னுரை

சிறாருக்கான மிகுகற்பனைக் கதை துயரைக் கையாளும் முறைகளை மூவகையாகப் பகுக்கலாம். இறந்தோர் வாழும் வேற்றுலகு ஒன்றைப் படைத்து, எஞ்சியவரையும் அங்கு அழைத்துச் செல்வது முதல் வகை. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய 'லயன்ஹார்ட் சகோதரர்கள்' (1973) இதற்குச் சான்று. இருவர் கூடிப் படைத்த கற்பனை நாட்டில் ஒருவர் மட்டும் எஞ்சுவது இரண்டாவது வகை. கேதரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' (1977) இவ்வகையினது. இறப்பு நிகழவிருக்கும் வீட்டிற்கு வேற்றுயிர் ஒன்று வந்து, குழந்தை சொல்ல அஞ்சும் உண்மையை அதன் வாயாலேயே சொல்லவைப்பது மூன்றாவது வகை. பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இம்மூன்றிலும் பொதுவாக அமைவது ஒன்றுண்டு. கற்பனை குழந்தைக்கு அளிப்பது புகலிடம் மட்டுமன்று. பேசுவதற்கு ஒரு முன்னிலையையும் அளிக்கிறது. இழப்புற்ற குழந்தைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்க வேண்டியவர் இல்லை. கேட்பவரை மீண்டும் எதிரில் அமர்த்தும் வழியே இங்குக் கற்பனை எனப்படுகிறது. இவ்வாறு நோக்கும்போது, துயர்க்கதையின் மையம் நிகழ்ச்சியிலிருந்து இலக்கணத்திற்கு நகர்கிறது. யார் யாரை எவ்விடத்தில் நிறுத்திப் பேசுகிறார் என்பது வினாவாகிறது. மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் தோன்றுவதும் இவ்விடத்திலேதான்.

இச்சிக்கலை, சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதும் பத்மா வெங்கட்ராமனின் இரு சிறார் நாவல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று அந்தமான் தீவுகளைக் களமாகக் கொண்ட 'ஐலண்ட்ஸ் எண்ட்' (2011). மற்றொன்று சென்னையைக் களமாகக் கொண்ட 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019). இரண்டையும் தமிழில் பெயர்க்க முனைவோர் எதிர்கொள்ளும் தேர்வுகள் இங்கு முதன்மை பெறுகின்றன.

2. இரு நாவல்களும் ஒரு கடலும்

கடலியல் பயின்ற ஆசிரியரின் இவ்விரு நாவல்களுக்கும் வங்கக் கடல் பொதுவானது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இரண்டிலும் இடம்பெறுகிறது. 'ஐலண்ட்ஸ் எண்ட்' நாவலில் அது கதையின் இறுதியில் வருகிறது. தன் மக்களை மேட்டுநிலத்திற்கு அழைத்துச் சென்று காப்பாற்றுகிறாள் உய்டோ என்னும் இளம்பெண். சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் அன்று மேட்டுநிலம் சேர்ந்து உயிர் பிழைத்தமை உலகறிந்த செய்தி. 'தி பிரிட்ஜ் ஹோம்' நாவலில் அலை கதைக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. அதில் குடும்பத்தை இழந்த அருள் என்னும் சிறுவன் பாலத்தில் வாழும் நால்வருள் ஒருவன்.

முதல் நாவல் வெளிப்படையாகவே ஆவியுலகப் பயணத்தைக் கொண்டது. உய்டோ தன் இனத்தின் ஆன்மிக வழிகாட்டியாகப் பயிற்சி பெறுகிறாள். கனவில் வேற்றுலகு சென்று மீள்கிறாள். தம்பி தவாய் நோயுறும்போது, தன் மருந்தறிவின் எல்லையை உணர்ந்து வெளியாரின் மருத்துவத்தை நாடிக் கடல் கடக்கிறாள்.

இரண்டாவது நாவல் நடப்பியல் சார்ந்தது. தந்தையின் வன்முறைக்கு அஞ்சி வீட்டை விட்டோடும் விஜி, ருக்கு என்னும் உடன்பிறந்தார் இருவர், அருள், முத்து என்னும் சிறுவர்களுடன் கைவிடப்பட்ட பாலம் ஒன்றில் வாழ்கின்றனர். குப்பை பொறுக்கிப் பிழைக்கின்றனர். ருக்கு காய்ச்சல் கண்டு இறக்கிறாள். இறந்த ருக்குவுக்கு விஜி எழுதும் நீண்ட மடலாகவே நாவல் முழுவதும் அமைகிறது. இதில் ஆவிகள் இல்லை, வேற்றுலகும் இல்லை. ஆனால் விஜி தன் உடன்பிறந்தாளுக்கு இரவுதோறும் சொல்லும் கதை உண்டு. மாயநாடு ஒன்றில் இரு இளவரசிகள் என்றும் பிரியாது வாழும் கதை அது. நாவலின் மிகுகற்பனை இக்கதைக்குள் கதையிலும், இறந்தவளை 'நீ' என விளிக்கும் மடல் வடிவிலும் அடங்கியுள்ளது.

நூற்பெயர்களே பெயர்ப்பாளருக்கு முதற்சோதனையாகும். 'எண்ட்' என்னும் சொல் 'முடிவு', 'முனை' என்னும் இரு பொருளையும் சுட்டும். 'தீவின் முடிவு' என்றால் அழிவு முந்தும். 'தீவின் முனை' என்றால் இடம் மட்டுமே எஞ்சும். 'பிரிட்ஜ் ஹோம்' என்பது வீட்டிற்கு இட்டுச்செல்லும் பாலமாகலாம், வீடாகிய பாலமுமாகலாம். 'பாலவீடு' எனத் தொகையாக்கினால், பாலத்தில் அமைந்த வீடு என வேற்றுமைத்தொகையாகவும், பாலமாகிய வீடு என இருபெயரொட்டாகவும் விரியும். எனினும், வீடு நோக்கிச் செல்லுதல் என்னும் இயக்கப் பொருள் இத்தொகையில் கிட்டாது.

3. கனவிலிருந்து பேசுபவள்

உய்டோ ஏற்கும் பொறுப்பிற்கு நாவலில் வழங்கும் பெயர் 'ஓக்கோ-ஜுமு'. 1906 முதல் 1908 வரை அந்தமானில் கள ஆய்வு செய்து, 1922இல் 'தி அந்தமான் ஐலண்டர்ஸ்' நூலை வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரவுன் இச்சொல்லைப் பதிவு செய்துள்ளார். கனவு காண்பவர், கனவிலிருந்து பேசுபவர் என்பது அவர் தரும் பொருள். கிரேட் அந்தமானிய மொழிகளில் 'ஆக்கா-', 'ஓக்கோ-' போன்ற முன்னொட்டுகள் வாய், நா, பேச்சு ஆகியவற்றோடு தொடர்புடையவை. ஆக்கா-பேயா, ஆக்கா-ஜெரு, ஓக்கோ-ஜுவோய் என்னும் மொழிப்பெயர்களில் இம்முன்னொட்டுகள் அமைந்திருப்பதும் இதனாலேயே. எனவே 'ஓக்கோ-ஜுமு' என்பதில் கனவு மட்டுமன்றி வாயும் இருக்கிறது.

இச்சொல்லிற்குத் தமிழில் உடனடியாகத் தோன்றும் நிகரன்கள் எவையும் பொருந்தவில்லை. 'பூசாரி' கோயிலையும் முறைவழிபாட்டையும் கொணர்கிறது. 'மந்திரவாதி' அச்சத்தையும் ஏவலையும் சுட்டுகிறது. 'குறிசொல்பவர்' வருவது உரைப்பவர். 'சாமியாடி' ஓரளவு நெருங்கி வருகிறது. ஆயினும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. சாமியாடியின் வாயில் பேசுவது வேறொன்று. ஓக்கோ-ஜுமு கனவிலிருந்து மீண்டு தன் வாயால் பேசுபவர். இவ்வேறுபாடு நாவலின் கருப்பொருளைத் தாங்கி நிற்பது. ஆதலின் மூலச்சொல்லை அப்படியே கொண்டு, முதல் வருகையில் 'கனவிலிருந்து பேசுபவர்' எனக் கதையோட்டத்திலேயே விளக்குவது தக்கது. அவ்வாறே கனவில் செல்லும் உலகை 'மறுமை' என்றால் வினைப்பயனும் மறுபிறப்பும் உடன்வரும். 'வேற்றுலகு' என்பது கூடுதலாக எதையும் ஏற்றாது.

இங்கு நாவலின் குறையொன்றையும் சுட்டுதல் வேண்டும். உய்டோவின் இனம் கற்பனையானது. ஆனால் அதன் சாயல் ஓங்கே மக்களை நினைவூட்டுகிறது. ஓங்கேயும் ஜாராவாவும் கிரேட் அந்தமானிய மொழிகளினின்றும் வேறான குடும்பத்தைச் சார்ந்தவை என்பதை அன்விதா அப்பியின் ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. ஒரு குடும்பத்தின் சாயல்கொண்ட மக்களுக்கு மற்றொரு குடும்பத்தின் சமயச்சொல் வழங்கப்பட்டுள்ளது. புனைகதைக்கு இவ்வுரிமை உண்டு. ஆயினும் தீவுகளின் மொழிகளை ஒன்றெனக் கருதும் பொதுப்பிழைக்கு இது துணைபோகலாம். பெயர்ப்பாளர் தம் முன்னுரையில் இதனைத் தெளிவுபடுத்துவது கடமையாகும்.

துயரைக் கையாளும் முறையிலும் இந்நாவல் ஓர் எல்லையுடன் நின்றுவிடுகிறது. வேற்றுலகில் உய்டோ எழுப்பும் குரலுக்கு மறுமொழி கிட்டுகிறது. ஆவிகள் வழிகாட்டுகின்றன, அலை வருமுன் அறிவு முந்துகிறது. இழப்பு அச்சுறுத்தலாக இருந்து, பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. முன்னிலை மறுமொழி தரும் உலகில், பேச்சின் விலை குறைவு. மறுமொழி தராத முன்னிலையோடு பேசும் நிலையை ஆசிரியர் எட்டு ஆண்டுகள் கழித்தே எழுதுகிறார். கதை அந்தமானிலிருந்து சென்னைக்கு வருவதோடு, கற்பனை ஆவியுலகிலிருந்து இலக்கணத்திற்குள் வந்துவிடுகிறது.

4. 'நீ' என்னும் முன்னிலை

4.1 வெளிப்படும் எழுவாயும் மறையும் எழுவாயும்

'தி பிரிட்ஜ் ஹோம்' நாவலின் ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் தவிர்க்க இயலாதது. ஒவ்வொரு வாக்கியத்திலும் அது வந்தே தீரும். தமிழில் அவ்வாறன்று. 'சிரித்தாய்' என்னும் வினைமுற்றே முன்னிலையையும் ஒருமையையும் காட்டிவிடும். 'நீ சிரித்தாய்' என்னும்போது பெயர் அழுத்தமோ வேறுபாடோ சுட்டி நிற்கிறது. ஆங்கிலத்தின் ஒவ்வொரு முன்னிலைப் பெயருக்கும் ஒரு 'நீ' இட்டால் தமிழ் நடை குற்றஞ்சாட்டும் தொனியைப் பெறும். எல்லாவற்றையும் நீக்கினால் இறந்தவள் விகுதிக்குள் ஒடுங்கிவிடுவாள்.

இதனைக் குறையாகக் கொள்ளாது வாய்ப்பாகக் கொள்ளலாம். அன்றாட நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து விகுதியே போதும். ருக்கு இயல்பாக உடனிருக்கிறாள். விஜி தன்னையும் அவளையும் வேறுபடுத்தி உணருமிடத்து, 'நான்' என்பதற்கு எதிராக 'நீ' வெளிப்பட வேண்டும். இருவரும் 'நாம்' ஆக இருந்த காலமும், 'நான்', 'நீ' எனப் பிரிந்த காலமும் தமிழில் இவ்வாறு புலப்படும். கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ருக்கு இறந்தபின் எஞ்சிய மூவரைச் சுட்ட 'நாங்கள்' என்றே எழுத வேண்டிவரும். மடல் முழுதும் 'நாம்' என வந்து, ஓரிடத்திலிருந்து 'நாங்கள்' என மாறுவது, ஆங்கில மூலத்தால் இயலாததொரு துயர்க்குறிப்பாகும். பெயர்ப்பாளர் இதனைத் தற்செயலாக விட்டுவிடலாகாது.

4.2 வழக்கச்செயலும் எதிர்காலமும்

கடந்தகால வழக்கத்தைக் கூறத் தமிழ் எதிர்கால வடிவத்தையே பயன்படுத்துகிறது. 'அப்போதெல்லாம் நீ மணிகளைக் கோப்பாய். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்' என்னும் வாக்கியத்தில் காலத்தை வரையறுப்பது 'அப்போதெல்லாம்' என்னும் சொல் மட்டுமே. அதனை நீக்கினால் 'நீ மணிகளைக் கோப்பாய்' என்பது நினைவாகவும் எதிர்பார்ப்பாகவும் ஒருசேர நிற்கும். ஆங்கிலம் இவ்விரண்டையும் வெவ்வேறு வடிவங்களால் பிரிக்கிறது.

மணி கோத்து மாலை செய்வது ருக்குவின் திறன். நால்வரின் பிழைப்பிற்கும் அது உதவுகிறது. இத்தகைய வழக்கச்செயல்களை நினைவுகூரும் பகுதிகளில், காலச்சொற்களை ஒவ்வொரு வாக்கியத்திலும் இட்டுத் தெளிவுபடுத்துவது பெயர்ப்பாளரின் இயல்பான விருப்பமாக இருக்கும். அவ்விருப்பத்தைக் கட்டுப்படுத்துவதே நன்று. பத்தியின் தொடக்கத்தில் ஒருமுறை காலத்தை நிறுவிவிட்டுப் பின்னர் வினைவடிவத்தை மட்டும் விட்டுவிட்டால், இறந்தவளின் செயல்கள் இனியும் நிகழவிருப்பன போல் ஒலிக்கும். துயருற்றோரின் மனம் காலத்தைக் கையாளும் முறையும் இதுவே. இது பெயர்ப்பாளர் ஏற்றும் அணியன்று; மொழி தானே வைத்திருக்கும் வளம்.

4.3 உறவுச்சொல்

ருக்கு மூத்தவள், விஜி இளையவள். ஆனால் ருக்குவின் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டால் விஜியே மூத்தவள்போல் அவளைக் காக்கிறாள். ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைப்பதால் இந்நிலைமாற்றம் விளியில் வெளிப்படுவதில்லை. தமிழில் 'ருக்கு' என்பதா, 'அக்கா' என்பதா என்னும் வினா முதற்பக்கத்திலேயே எழுகிறது.

'அக்கா' என விளித்தால் மூப்புமுறை காக்கப்படும். ஆனால் காப்பவள் யார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் முரணாக உறுத்தும். பெயரால் விளித்தால் இருவரின் நெருக்கமும் விஜி ஏற்ற பொறுப்பும் இயல்பாகும். வயது அணுக்கமான உடன்பிறந்தோரிடையே பெயர்சொல்லி அழைப்பது தமிழ்க் குடும்பங்களில் அரிதன்று. இக்காரணங்களால் பெயர்விளியே பொருந்தும். உறவுமுறை ஓரிடத்தில் 'என்னைவிட மூத்தவள் நீ' என்னும் கூற்றாக வந்தால் போதும். தான் காத்தவள் தனக்கு மூத்தவள் என்பதைப் படிப்பவர் அங்கு உணர்வர். 'அக்கா' என்னும் விளியை ஒவ்வொரு வரியிலும் செலவிட்டுவிட்டால் அவ்வுணர்வுக்கு இடமிராது.

4.4 பொதுப்பெயராகும் சிறப்புப்பெயர்

ருக்குவின் மரப்பொம்மைக்கு 'மரப்பாச்சி' என்று பெயர். அவள் வளர்க்கும் நாய்க்குட்டிக்குக் 'குட்டி' என்று பெயர். ஆங்கிலப் படிப்பாளிக்கு இவை சிறப்புப்பெயர்கள். தமிழுக்கு மீளும்போது இரண்டும் பொதுப்பெயர்களாகிவிடும். 'மரப்பாச்சி' என்றால் எந்த வீட்டிலும் உள்ள பொம்மை; 'குட்டி' என்றால் எந்த நாயின் குட்டியும்தான். புதுப்பெயர் சூட்டிச் சிறப்பாக்க முற்படுவது தேவையற்றது. தான் விரும்பும் பொருளை அதன் இனப்பெயராலேயே ஒரு குழந்தை அழைப்பது தமிழ் வீடுகளின் இயல்பு. வாக்கியச் சூழலே அதனைச் சிறப்புப்பெயராக்கும்.

இந்நாவலின் ஆங்கிலம் ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு என்பதையும் இச்சொற்கள் காட்டுகின்றன. இச்சிறார் தமக்குள் பேசுவது தமிழே. ஆங்கிலம் அதனைப் பெயர்த்தளிக்கிறது. எனவே தமிழாக்கம் என்பது எழுதப்படாத மூலம் ஒன்றை மீட்கும் முயற்சியாகிறது. அம்மீட்பில் ஏட்டுத்தமிழுக்கு இடமில்லை. சென்னைப் பேச்சையே முற்றாகப் பதிந்தால் மடல் எழுத்து என்னும் வடிவம் சிதையும். பேசுவது எளிதாக இருந்தது, எழுதுவதுதான் கடினம் என்று விஜியே தொடக்கத்தில் ருக்குவிடம் கூறுகிறாள். எழுதப் பழகும் ஒரு சிறுமியின் எளிய எழுத்துநடையே இங்கு அளவுகோல்.

5. மங்கலமும் ஒப்பாரியும்

'நீ இறந்தாய்' என்பது இலக்கணப்படி குற்றமற்ற வாக்கியம். எனினும் பேச்சுச் சூழலில் அதற்கு இடமில்லை. அதனைக் கேட்க வேண்டியவர் கேட்க இயலாதவர். நாவலின் கதையமைப்போ ருக்குவின் இறப்பை ருக்குவிடமே சொல்லியாக வேண்டிய இடத்திற்கு விஜியைக் கொண்டுசெல்கிறது. இவ்விடத்தைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதே இப்பெயர்ப்பின் உயிர்வினா.

கேளாதவற்றைக் கேட்பன போலக் கொண்டு பேசும் மரபை நன்னூலின் பொதுவியல் ஏற்றுக்கொள்கிறது. புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களில் இதன் பல நிலைகள் உள்ளன. சாத்தன் இறந்தபின் பூத்த முல்லையை விளிக்கிறார் குடவாயிற் கீரத்தனார் (புறம் 242). தந்தையை இழந்த பாரிமகளிர் தந்தையைப் படர்க்கையில் வைத்தே கூறுகின்றனர் (புறம் 112). துயர் அங்கு நேரே இறந்தவரிடம் செல்லாது பூவிடமும் நிலவிடமும் தங்குகிறது. பிற்கால ஒப்பாரியோ இறந்தவரையே உறவுச்சொல்லால் விளித்துப் பேசுகிறது. ஆயினும் ஒப்பாரியில் பெரிதும் வருவன போதல், பிரிதல், விட்டுநீங்குதல் என்னும் வினைகளே. இறந்தவரைச் செலவுமேற்கொண்டவராக்கியே அது முன்னிலைப்படுத்துகிறது.

தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றான மங்கலத்திற்கு இலக்கண நூலார் காட்டும் எடுத்துக்காட்டு, செத்தாரைத் துஞ்சினார் என்பது. 'இறத்தல்' என்னும் சொல்லே முதலில் கடத்தலைக் குறித்ததாகும். 'இறந்தகாலம்' என்னும் கலைச்சொல்லில் அப்பொருள் இன்றும் நிலைபெற்றுள்ளது. இன்று வழங்கும் மங்கலச் சொற்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை சமயச் சார்புடையன. 'சிவலோகப் பதவி அடைந்தார்', 'திருநாடு எய்தினார்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'வஃபாத்தானார்' ஆகிய ஒவ்வொன்றும் இறந்தவர் எங்குச் சென்றார் என்பதற்கு விடையளித்துவிடுகிறது. 'சாமிகிட்டப் போய்விட்டாள்' எனக் குழந்தைகளுக்குச் சொல்வதும் இவ்வகையே.

நாவலில் அருள் இயேசுவின்மீது நம்பிக்கையுடையவன். விஜிக்கு அந்நம்பிக்கை எளிதில் வாய்ப்பதில்லை. ருக்கு எங்கே என்பது அவளுக்கு விடையற்ற வினா. குழந்தைப் படிப்பாளியின் மனம் நோகும் என்று கருதிப் பெயர்ப்பாளர் ஒரு மங்கலச் சொல்லை இட்டுவிட்டால், விஜி இன்னும் பெறாத விடையை அவள் வாயில் வைத்தவராவார். 'போய்விட்டாய்' என்பதும் முற்றிலும் நடுநிலையானதன்று, போனவர் மீளலாம். '-விடு', '-போ' ஆகிய துணைவினைகள் நிகழ்ச்சியோடு பேசுவோரின் மனநிலையையும் ஏற்றிவிடுவன. 'செத்துப்போனாய்' என்பது கொடிதாக ஒலிக்கலாம். ஆனால் தெருவில் வாழ்ந்த சிறுமியின் வாயில் இயல்பாக வருவது அதுவே. அதில் மீட்சிக்கு இடமில்லாமையும், இழந்தவரின் ஆற்றாமையும் ஒருங்கே உள்ளன. ஓரிடத்தில் மட்டும், விளக்கமோ அடைமொழியோ இன்றி அச்சொல் வருமாயின், அதுவரை கட்டிய முன்னிலை அனைத்தும் அங்குச் சோதனைக்குள்ளாகும்.

ஒப்பாரி நடையைக் கலக்கலாமா என்பது இதனோடு தொடர்புடைய மற்றொரு வினா. தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு அது கைக்கெட்டும் பெருஞ்செல்வம். எனினும் இரு காரணங்களால் அது தவிர்க்கத்தக்கது. முதலாவது, ருக்கு இறந்துவிட்டாள் என்பது நாவலின் தொடக்கத்தில் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. ஒப்பாரியின் ஓசை தொடக்கத்திலேயே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, ஒப்பாரி கூடியிருந்து அழுவோரின் வடிவம். விஜிக்கு அக்கூட்டம் இல்லை; வீட்டை விட்டு ஓடிவந்தவளுக்கு மாரடிக்க உறவில்லை. செலினா ஆன்ட்டி அளிக்கும் தாளும் எழுதுகோலுமே அவளுக்குக் கிடைத்த இழவுவீடு. மரபின் கைத்தாங்கல் இன்றித் துயருறும் குழந்தைக்கு மரபின் சொற்களைக் கடனளிப்பது, அவளுடைய தனிமையை மறைப்பதாகும்.

6. பெயர் சொல்லாமையும் மறுமொழியின்மையும்

இறந்தவரை விளிப்பது எல்லாப் பண்பாட்டிலும் இயல்பன்று. அந்தமான் மக்களிடையே, துக்கக் காலத்தில் இறந்தவர் பெயரைச் சொல்லாதிருக்கும் வழக்கத்தை ராட்கிளிஃப்-பிரவுன் விரிவாகப் பதிவு செய்துள்ளார். நெருங்கிய உறவினரின் பெயரும் அக்காலத்தில் சொல்லப்படுவதில்லை. துக்கம் காப்போர் மேனியில் களிமண் பூசுவர், ஆடலில் கலந்துகொள்ளார். துக்கத்தின் முடிவில் கூடி அழுது, ஆடி, பழைய வாழ்விற்கு மீள்வர். பெயர்கள் அதன்பின் மீண்டும் வழங்கும். நெடுநாள் பிரிந்தவர் மீண்டும் சந்திக்கும்போதும் சடங்காக அழுவது அவர்தம் மரபு. அழுகை அங்கே பிணைப்பைப் புதுப்பிக்கும் செயல்.

இவ்வொப்பீடு நாவல்களை மதிப்பிடத் துணைசெய்கிறது. விஜி ஒவ்வோர் இயலிலும் பெயர் சொல்லி அழைக்கிறாள். அந்தமான் மரபு பெயரை மறைத்து வைக்கிறது. வழிகள் எதிரெதிரானவை, நோக்கம் ஒன்றே. இறந்தவர் பெயரை வாழ்வோரின் பேச்சினுள் எப்போது, எவ்வாறு மீண்டும் சேர்ப்பது என்பதை இரண்டும் ஒழுங்குபடுத்துகின்றன. அந்தமானைக் களமாகக் கொண்ட நாவல் இப்பெயர்மறை வழக்கத்தைத் தன் எடுத்துரைப்பின் அடிப்படையாக்கியிருப்பின், ஆவியுலகக் காட்சிகள் தராத ஆழத்தைப் பெற்றிருக்கும்.

மறுமொழியற்ற முன்னிலைக்கு அந்தமானிலேயே மெய்யான சான்று உண்டு. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானார். 2004ஆம் ஆண்டின் பேரலையிலிருந்து உயிர் தப்பியவர் அவர். தம் மொழியில் உரையாட எவருமின்றி அவர் பறவைகளோடு பேசினார் என்பதை, அவரிடம் மொழியைப் பதிவுசெய்த அன்விதா அப்பி குறிப்பிட்டுள்ளார். கிரேட் அந்தமானியர் பறவைகளைத் தம் முன்னோராகக் கருதுபவர்கள். எனவே அதனைத் தனிமையின் பிதற்றல் எனக் கொள்வது பிழை. உறவினரோடு பேசிய பேச்சு அது. அம்மக்களின் கதைகளும் பாடல்களும் 'வாய்சஸ் ஃப்ரம் தி லாஸ்ட் ஹொரைசன்' (2021) என்னும் நூலாக அப்பியால் வெளியிடப்பட்டுள்ளன. சிறாருக்குரிய துயர்ப்புனைவை அந்தமானிலிருந்து உருவாக்க விரும்புவோர்க்குத் தலையாய ஊற்று இத்தொகுப்பே.

7. முடிவுரை

இரு நாவல்களுள் 'தி பிரிட்ஜ் ஹோம்' மேம்பட்டு நிற்பதற்குக் காரணம், அதன் கற்பனை சிறிதாயிருப்பது. மறுமொழி வராது என்பதை அறிந்தே ஒரு சிறுமி 'நீ' என எழுதுகிறாள். அரண்மனைக் கதையில் இருவரும் பிரிவதில்லை, மடலில் பிரிந்துவிட்டனர். இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கக் கற்பதே நாவல் காட்டும் ஆறுதல். நல்லோர் உரிய நேரத்தில் வந்து சேர்வதும், உணர்வுகள் சில இடங்களில் விளக்கப்பட்டுவிடுவதும் இதன் குறைகள். இவை சிறார் நாவல் என்னும் வகையின் தேவைகளோடு ஒட்டியவை. நூலின் மையத்தைச் சிதைப்பனவல்ல.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இந்தியே அங்குப் பொதுத்தொடர்பு மொழி. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மரைன் ஹில்லிலோ டெலானிப்பூரிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்கு இவ்விரு நாவல்களும் இருபுறமும் நெருக்கமானவை. பேரலை அக்குழந்தையின் பெற்றோர் கண்ட நிகழ்ச்சி. உய்டோவின் மக்கள் அதன் தீவின் முதற்குடிகளை நினைவூட்டுவோர். விஜியின் மொழி அதன் வீட்டுமொழி. 'ஐலண்ட்ஸ் எண்ட்' தமிழாகும்போது, உய்டோ தன் தீவிற்கு வந்து குடியேறியோரின் மொழிகளுள் ஒன்றில் பேசுபவளாகிறாள். தீவுச் சொற்களைத் தமிழ்ச் சமயச் சொற்களால் மூடாதிருப்பது, ஆகவே, நடைச்சிக்கல் மட்டுமன்று, அறச்சிக்கலுமாகும்.

சிறார் துயர்ப்புனைவைப் பெயர்ப்போர்க்கு எழும் பெரிய இடர், தமிழில் சொல் இல்லாமையன்று, சொல் மிகுதியே. உறவுச்சொல், மங்கலவழக்கு, ஒப்பாரிநடை ஆகிய மூன்றும் அழைக்காமலே வந்து நிற்கும். அவற்றை வாசலில் நிறுத்திவிட்டு, முன்னிலை விகுதியையும், 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டையும், வழக்கச்செயலின் எதிர்கால வடிவையும் பணிசெய்ய விட்டால், இழந்தவளைத் தன் சொற்களாலேயே எதிரில் அமர்த்தும் சிறுமியின் குரல் தமிழில் கேட்கும்.